எந்த ஆஸ்பத்திரி என்று நீ சொல்லவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை என்று சொல்லிக்கொண்டே இருக்காதே என்கிறாய், சரி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரமாட்டேன் என்றாய், அதற்கும் சரி என்றேன். எந்த ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. போனை வாங்கி, "எல்லாம் இயற்கையா நடக்கும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. நீ பக்கத்தில்தான் இருந்தாய், ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் வேண்டாம் என்று நீ நினைப்பதில் எனக்குப் பெருமைதான். பிரசவ வார்டிலேயே காலம் தள்ளியவள் நான். நம் மாநிலத்தில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் என்கிறது 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு. அத்தனையும் தேவைப்பட்டிருக்காது. இயற்கைப் பிரசவம் பற்றி 1933இல் புத்தகம் போட்ட கிராண்ட்லி டிக்-ரீட்டும், பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், முதலில் பயத்தைப் போக்குங்கள் என்றுதான் சொன்னார். அவரே ஒரு பிரசவ டாக்டர் பாப்பா. ஆள் துணையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

வலி வந்ததும் மல்லாந்து படுத்துவிடாதே. நட, சாய்ந்து நில், தண்ணீர் குடி, மூச்சை மெதுவாக வெளியே விடு. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை நேரமெடுக்கும். அப்புறமும் மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆகவேண்டும் என்றில்லை. முக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினாலும் உந்துதல் வராமல் முக்காதே. இதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். அரசு ஆஸ்பத்திரியில்கூடப் பிரசவ அறையில் ஒரு பெண் துணையை விடுகிறார்கள். நான் வந்து நிற்கிறேன்.

என் பயமெல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான். நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்கவேண்டும். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் தேங்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவளுக்கே உதடு வெளுத்துவிடும். அதற்காகத்தான் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தொடையில் 10 யூனிட் போடுகிறோம். 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்தார்களே, அந்தப் பெண்ணும் ரத்தப்போக்கில்தான் போனாள். வாயும் வயிறுமாக இருப்பவளிடம் இதைச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன். சின்ன அத்தைக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

அப்பா நன்றாக இருக்கிறார். கொல்லை முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்க ஆளில்லை.

உன் படிப்புக்கும் துணிச்சலுக்கும் நான் ஊரெல்லாம் பெருமை பேசுபவள். அந்தத் துணிச்சல் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் ஏன் இல்லை? உனக்கு ஏ நெகட்டிவ், அவருக்கு பாசிட்டிவ். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை உன் உடம்பு எதிர்க்காமலிருக்க 28 வாரத்தில் போடவேண்டிய ஆன்டி-டி ஊசியைப் போட்டாயா? பிறந்ததும் குழந்தையின் ரத்த வகையைப் பார்க்கவேண்டும். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உனக்கு இன்னொரு ஊசி போட்டாகவேண்டும். இதை வீட்டில் யார் பார்ப்பார்கள்? நெகட்டிவ் ரத்தம் கேட்ட நேரத்தில் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, நான் கோபத்தில் எழுதவில்லை என்றும் சொல். ஆஸ்பத்திரி பெயர், இரவில் டாக்டர் இருப்பாரா, ரத்த வங்கி எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் விசாரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய். அன்று நீ கூப்பிடாவிட்டால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நான் புறப்பட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா