படலை திறக்காத நாட்கள்

வாழைச்சேனை

அன்பு நண்பன் ரஹீமுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்குறணையில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறாய், முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது என்று அறிந்து ஆறுதல். இங்கே நாங்கள் நலம். மூத்தவனுக்கு ஏறாவூருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இல்லை.

புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு நீ பேசப் போவதாகவும், கொவிட் காலத்தில் தலைவர்கள் நாட்டுக்குச் சொன்னவற்றைப் பற்றி என் கருத்து வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கொழும்பில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே நம் முன்னால் வீட்டு வாசல் படலை திறக்கும். களுத்துறையில் பரிசோதகர் பயிற்சியில் நாம் படித்த பாடப் புத்தகங்களில் இது இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் உன் வாயால் கேட்கட்டும்.

2020 டிசம்பரில் ஒரு மாலை, இங்கே வேலை செய்யும் இளம் பரிசோதகர் என்னைத் தேடி வந்தார். ஒரு வீட்டில் முதியவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்திருக்கிறது, போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, உங்களுக்குத் தெரிந்த குடும்பம், கூட வாருங்கள் என்றார். போனேன். படலை உள்பக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. முற்றத்தில் நின்றவளை உனக்கும் தெரியும். தன் பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசியும் தவறவிடாமல் கிளினிக்குக்குக் கூட்டி வந்தவள். என்னை வீதியில் கண்டாலே தேத்தண்ணீர் குடிக்காமல் போகவிட மாட்டாள். அன்று படலைக்குக் கிட்ட வரவில்லை. “இங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை ஐயா” என்றாள். உள்ளே யாரோ விடாமல் இருமுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “ஆஸ்பத்திரியில் வாப்பா மௌத்தாகிவிட்டால் எரித்துவிடுவார்கள்தானே?”

இல்லை என்று சொல்ல எனக்கோ அந்த இளம் பரிசோதகருக்கோ அதிகாரம் இல்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றேன். மூச்சு வாங்கத் தொடங்கினால் ஒக்சிசன் தேவைப்படும் என்பதையும், எந்த அறிகுறி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதையும் படலைக்கு வெளியே நின்றபடியே விளக்கினேன். முதியவர் பிழைத்துக்கொண்டார். எல்லா வீடுகளிலும் அப்படி நடக்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

மக்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். அவள் மறைத்தது அறியாமையால் அல்ல. செய்தியைச் சரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டதால்தான் மறைத்தாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 2020 மார்ச் 24 அன்றே வெளிவந்துவிட்டது. கொவிட் தொற்றி இறந்தவரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று அதில் இருந்தது. தொற்று நோயால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். இதற்குப் பிறகுதான், ஏப்ரல் 11 அன்று, எரிப்பதைக் கட்டாயமாக்கி நம் நாட்டில் அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். கிணற்றில் குளோரின் போட்டுப் போட்டே தலை நரைத்தவர்கள் நாம் இருவரும். நீர் வழியாகப் பரவுகின்ற நோய் எது, மூச்சு வழியாகப் பரவுகின்ற நோய் எது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காரணத்தைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு நடந்தவை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே அதை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம், பிறந்து 20 நாளே ஆன குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். பொரளை மயானத்து வாயிலில் சனங்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். எல்லா மதத்தவரும் வந்து கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி நம் பக்கமாக வந்தபோது, ஜனாஸா (முஸ்லிம் பிரேதங்கள்) எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரே வீதியில் சேர்ந்து நடந்ததை நான் நம் மாவட்டத்தில் நெடுநாள் கழித்துக் கண்டேன். அதே பெப்ரவரி 10 அன்று, புதைக்க அனுமதி கிடைக்கும் என்று பிரதமர் மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே, அது நிபுணர் குழு முடிவெடுக்க வேண்டிய விடயம் என்று அரசு தரப்பில் பின்வாங்கினார்கள். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன பிறகே, பெப்ரவரி 25 அன்று வர்த்தமானி மாறியது. இடையில் நிலத்தடி நீரில் என்ன மாறியது என்று யாரும் விளக்கவில்லை.

அந்த ஒரு நாள் முன்னும் பின்னுமான பேச்சு செய்த சேதத்தை நீ அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கட்டளை விஞ்ஞானத்தால் வந்தது என்று சொல்லிவிட்டு, அரசியலுக்காக அதை மாற்றினால், பிறகு உண்மையான விஞ்ஞானத்தைச் சொல்லும்போதும் சனம் நம் முகத்தைத்தான் சந்தேகத்தோடு பார்க்கும்.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல். முதல் மாதங்களில் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமாக இருந்த வைத்தியர் அனில் ஜாசிங்க தொலைக்காட்சியில் வந்தால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பதற்றமில்லாமல், ஒரு வைத்தியர் நோயாளியின் குடும்பத்தோடு பேசுவது போலவே பேசுவார். 2020 ஓகஸ்டில் அவரைச் சுற்றாடல் அமைச்சின் செயலாளராக மாற்றினார்கள். கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்தின் தலைவராக இருந்தவர் அன்றைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. எந்த ஊர் முடக்கம், எப்போது திறப்பு என்பதையெல்லாம் அவர் வாயாலேயே அறிந்துகொண்டோம். தென்பகுதியில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை வீடுகள் போர்க்காலத்தில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன! அந்த வீடுகளில் போய், உங்கள் நன்மைக்காகத்தான் தளபதி சொல்கிறார் என்று நம் பரிசோதகர் எப்படிச் சொல்வார்?

கொவிட்டுக்கு மருந்தென்று குடித்த அந்தப் பாணி விவகாரத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. காளி அம்மன் அருளியதாகக் கேகாலையில் தம்மிக்க பண்டார கொடுத்த பாணியைச் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே வாங்கிக் குடித்தார். டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். கூட்டம் கூடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த நம் ஆட்களின் வார்த்தைக்கு அன்று என்ன மதிப்பு மிஞ்சியது? ஜனவரியில் அமைச்சருக்கே தொற்றுக் கண்டு, தீவிர சிகிச்சை வரை போய்க் குணமடைந்தார். அவர் குணமடைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பாணியை நம்பி வரிசையில் நின்றவர்களுக்காகத்தான் என் மனம் நோகிறது.

முன்னாள் மீன்பிடி இராஜாங்க அமைச்சர் திலீப் வெதஆராச்சி நவம்பரில் ஊடகவியலாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்ததைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வந்ததும் நாடே மீன் வாங்குவதை நிறுத்தியது. நம் துறைமுகத்தில் வள்ளக்காரர்கள் பிடித்த மீனை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். மீனால் தொற்றாது என்ற செய்தி சரியானது. சமைத்தே சாப்பிட்டிருக்கலாம்தான், ஆனாலும் யாருடைய பிழைப்பு போகிறது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்கு 1995-இன் கதையையும் சொல். போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காகப் போர் செய்த இரு தரப்பும் துப்பாக்கியை ஓய வைத்தன. வாகரைப் பக்கம் குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீயும் நானும் போனோமே, எந்தப் படலை மூடியிருந்தது? தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதிக்கே வந்து நின்றார்கள். அரசை நம்பாத சனம் அது. ஆனால் அந்தச் சொட்டு மருந்தை நம்பினார்கள். கொடுப்பவருக்கு வேறு நோக்கம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மேலேயிருந்து ஒருவரும் அதைக் கெடுக்கவும் இல்லை.

ஓட்டமாவடி மஜ்மா நகரில் கொவிட்டால் இறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். முதலில் இரணைதீவு என்றார்கள், அங்குள்ள மக்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல். எதிர்ப்பு வந்ததும் 2021 மார்ச் 5 முதல் இங்கே கொண்டுவந்தார்கள். நாட்டின் நாலா பக்கமிருந்தும் இராணுவப் பாதுகாப்போடு வாகனங்கள் வந்தன. 2024 ஜூலையில் கட்டாயமாக எரித்ததற்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்டதைப் பத்திரிகையில் படித்தபோது உன்னை நினைத்தேன். அதை நீ ஏற்றுக்கொண்டாயா என்று இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. எழுத விரும்பினால் எழுது.

பேசப் போகும்போது அந்த இரண்டு திகதிகளையும், மார்ச் 24, ஏப்ரல் 11, கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத் தொடங்கு. 2020 ஜூலையில் நம் பரிசோதகர்கள் சட்ட அதிகாரம் கேட்டுக் கொவிட் பணியிலிருந்து விலகி நின்றதையும் மறக்காமல் சொல், அது அவர்களுடைய சங்கத்தின் வரலாறு. தமக்குச் சரியில்லை என்று தெரிந்த ஒரு கட்டளையை வீட்டுப் படலையில் நின்று எப்படிச் சொல்வது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்கு உடனே எழுது.

தங்கச்சிக்கு என் சலாம். பெருநாளுக்கு இங்கே வருவதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்று. உனக்கென்று விரால் மீன் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
சிவநேசன்