மிச்சம் பிடித்த பணம் அன்றைக்கே அசலுக்குப் போகட்டும்

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடன் பட்டியலைத் தாளில் எடுத்து எழுதி, வட்டி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். பெரிய கிரெடிட் கார்டில் 92,000, சின்ன கார்டில் 38,000, பர்சனல் லோன் பாக்கி 2,65,000, நகைக்கடன் 1,50,000, செல்போன் தவணை 16,500, சித்தப்பாவிடம் கைமாத்து 20,000. ஆகமொத்தம் 5,81,500 ரூபாய். உங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 62,000 வருகிறது. பாரம்தான், ஆனால் கட்ட முடியாத கடன் இல்லை. இரண்டு வருஷம் ஒழுங்காகப் போனால் கார்டும் நகையும் முடிந்துவிடும்.

நீங்கள் ஊதாரிகள் இல்லை என்று எனக்குத் தெரியும். காய்கறிக்கடையில் பத்து ரூபாய் பேரம் பேசி வாங்குகிறாய். அந்தப் பத்து ரூபாய் எந்தக் கடனின் அசலுக்கும் போய்ச் சேரவில்லை. கணக்கிலேயே கிடந்து வேறெதற்கோ கரைந்துபோகிறது. மிச்சம் பிடித்த பணத்துக்குப் போகிற இடத்தை முன்கூட்டியே முடிவு பண்ணாவிட்டால், எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கடன் குறையாது.

பெரிய கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாசம் 3.5 சதவீதம் வட்டி. 92,000-க்கு 3,220 ரூபாய். அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 580. ஆக மாசத்துக்கு 3,800. நீ கட்டுகிற குறைந்தபட்சத் தொகை 4,600. அதில் அசலுக்குப் போவது 800 ரூபாய்தான். அதே மாசம் மளிகைக்கு 2,000 தேய்த்தால் அசல் ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தும் ஒரு வருஷமாகத் தொகை அப்படியே நிற்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. போன பில்லில் பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு 45 நாள், 50 நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். அதனால் இன்றைக்கே இரண்டு கார்டையும் பர்ஸிலிருந்து எடுத்து பீரோவில் வை. ஷாப்பிங் ஆப், சாப்பாட்டு ஆப், கேப் ஆப் எல்லாவற்றிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடு. ஓடிடி சந்தா, கிளவுட் சேமிப்பு மாதிரி தானாகப் பிடிக்கிறவை கார்டில் கட்டியிருந்தால் அவற்றையும் எடுத்துவிடு. மாசம் 149 ரூபாய் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறவை அவைதான்.

கட்டும் தேதியும் முக்கியம். வட்டி நாள்கணக்கில் ஏறுகிறது. சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, பில் கெடு 18-ஆம் தேதி. 12,000 ரூபாயை 18 வரை கையில் வைத்திருந்தால் அந்தப் பதினேழு நாளுக்கு வட்டியும் வரியும் சேர்த்துக் கிட்டத்தட்ட 280 ரூபாய் போகும். 1-ஆம் தேதியே கட்டிவிடு. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்: பில் தேதிக்கு முன்னால் கட்டிய பணத்தைச் சில வங்கிகள் போன பில்லின் கணக்கில்தான் சேர்க்கும். புதுப் பில் வந்ததும் குறைந்தபட்சத் தொகை இன்னும் பாக்கி காட்டுகிறதா என்று ஆப்பில் திறந்து பார். காட்டினால் கெடுவுக்குள் அதையும் கட்டு, இல்லையென்றால் தாமதக் கட்டணம் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது நகை. ஐந்து சவரனைத் தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் வைத்து மாசம் 1.75 சதவீதம் கட்டுகிறாய். 2,625 ரூபாய், எல்லாமே வட்டி. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் வருஷத்துக்கு 9.5 சதவீதம் சுமாருக்குக் கிடைக்கும். வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். அதே 1,50,000-க்கு மாச வட்டி 1,190-க்குள் வந்துவிடும். மதிப்பீட்டுக் கட்டணமும் பரிசீலனைக் கட்டணமும் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

தங்கம் ஏறியிருப்பதால் வங்கியில் கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள். 38,000 மட்டும் கூடக் கேள், அதற்குமேல் ஒரு ரூபாய் வேண்டாம். பணம் கணக்கில் விழுந்ததும், வங்கியை விட்டு வெளியே வருவதற்குள் அந்தச் சின்ன கார்டைப் போனிலேயே முழுசாகக் கட்டிவிடு. 42 சதவீதக் கடன் 9.5 சதவீதக் கடனாக மாறுகிறது, அது சரியான காரியம். பெரிய கார்டையும் இதே மாதிரி முடித்துவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்பார். கணக்குப்படி லாபம்தான், ஆனால் அவ்வளவையும் நகைமேல் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. கார்டில் தவறினால் அபராதம், வசூல் போன், சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கிற மதிப்பெண்) குறைவு. நகைக்கடனில் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். ஒரு வேலை போனாலும் வட்டி கட்டித் தாக்குப்பிடிக்கிற அளவுக்குத்தான் நகைமேல் கடன் இருக்க வேண்டும்.

வைக்கும்போது ஐந்து சவரனையும் ஒரே ரசீதில் வைக்காதே. ஒரே கணக்காக வைத்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு வளையல்கூட வெளியே வராது. மூன்று சவரன் ஆரம் ஒரு கணக்கு, இரண்டு சவரன் வளையல் ஒரு கணக்கு என்று பிரித்துத் தரச் சொல். 1,88,000-ஐ 1,12,800 என்றும் 75,200 என்றும் பிரித்தால் சரியாக வரும். வளையலை முதலில் திருப்பலாம். ரசீதில் மொத்த எடை, கல் கழித்த நிகர எடை, உருப்படி எண்ணிக்கை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார். வட்டியை வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்பார்கள். நீ மாசாமாசம் கட்டு, இரண்டு கணக்குக்கும் சேர்த்து 1,490 ரூபாய் வரும்.

இனி மாசக் கணக்கு. வாடகை 13,000. பர்சனல் லோன் 9,057. செல்போன் 2,750. நகை வட்டி 1,490. சித்தப்பாவுக்கு 1,000, வட்டி கேட்காத கடன்தான், ஆனாலும் மாசம் தவறாமல் ஜிபே பண்ணிவிடு, நல்லது கெட்டதில் முகம் பார்த்துப் பேச முடிய வேண்டும். இதற்கெல்லாம் மேலே 6,000 ரூபாய் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய கார்டு ஸ்டேட்மென்டில் பெரிய தொகை எதெது என்று பார்த்தேன். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். அக்டோபரில் தீபாவளித் துணி. ஜனவரியில் இன்ஷூரன்ஸ். இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. மாசச் செலவு உங்களைக் கடனில் தள்ளவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவுகள்தான் தள்ளியிருக்கின்றன. ஸ்கூல் 36,000, ஆயுள், மருத்துவ, வண்டிக் காப்பீடு 14,000, தீபாவளி 12,000, மொய்யும் விசேஷமும் 10,000. கூட்டினால் 72,000, மாசத்துக்கு 6,000. ஏடிஎம் கார்டும் யுபிஐயும் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கில் சம்பள நாளன்றே இதைத் தானாகப் போகும்படி வைத்துவிடு. கடன் இருக்கும்போது எதற்குச் சேமிப்பு என்று தோன்றும். இதை நிறுத்தினால் அடுத்த ஜூனில் கார்டு பீரோவிலிருந்து வெளியே வந்துவிடும். கடன் கட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதெல்லாம் போக 28,700 நிற்கும். அதில் 12,000 பெரிய கார்டுக்கு. வீட்டுக்கு 16,700. மளிகை 5,500, பால் காய்கறி முட்டை 5,000, கேஸும் கரண்டும் 1,800, போக்குவரத்து 1,700, போனும் நெட்டும் 1,200, மற்றவை 1,500. இறுக்கமாகத் தெரியும், ஆனால் முடியும்.

ஆன்லைன் சாப்பாட்டுக்கு மாசம் 5,200 என்று எழுதியிருந்தாய். ஆசைக்கு வாங்கியதாகத் தெரியவில்லை. தேதிகளைப் பார்த்தால் பெரும்பாலும் வியாழனும் வெள்ளியும், இரவு எட்டரைக்கு மேல். வேலை முடிந்து களைத்து வந்து, வீட்டில் எதுவும் இல்லாத நாட்கள். ‘இனி வாங்கமாட்டேன்’ என்று சபதம் எடுத்தால் இரண்டு வாரம் தாங்கும். வியாழக்கிழமை இரவு பத்து நிமிஷத்தில் தட்டில் விழுகிற மாதிரி ஏதாவது வீட்டில் இருக்க வேண்டும். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சனிக்கிழமை காலையில் ஊறப்போட்டு மதியம் அரைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். முழுசையும் புளிக்கவிடாதே. பாதியை உப்பு போடாமல், அரைத்த கையோடு ஃபிரிட்ஜில் வை. புதன் காலையில் எடுத்து உப்புப் போட்டு வெளியே வைத்தால் வியாழன், வெள்ளிக்குப் புளிப்பு ஏறாத மாவு கிடைக்கும். கடை மாவுப் பாக்கெட் விலையில் பாதிகூட ஆகாது. பருப்புப் பொடி ஒரு டப்பா, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு டப்பா எப்போதும் இருக்கட்டும். மாசம் ஒரு ஞாயிறு வெளியே போய்ச் சாப்பிடுங்கள், அந்த 600 ரூபாயை ‘மற்றவை’யில் எழுது. அதையும் தடுத்தால் குழந்தை ஏங்கிப்போகும்.

ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கிறது. சென்னைக்கு மாற்று. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. கடை விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டிலேயே மாசம் 200 ரூபாய்க்கு மேல் நிற்கும். நீ வேலைக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் போனால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாப்பிள்ளைக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில் மாச சீசன் டிக்கெட், ஒரு வாரப் பெட்ரோலைவிடக் குறைவு. மழைக்காலத்தில் வண்டி எடுக்கட்டும், தப்பில்லை.

கரண்டுக்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். ரீடிங் எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, முப்பதாவது நாள் மீட்டரைப் பார். 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாசம் ஏசியை 26-இல் வைத்து, இரவு இரண்டு மணிக்கு நிற்கும்படி டைமர் போடு.

பிள்ளைக்குப் பால், முட்டை, மருந்து, இன்ஷூரன்ஸ் இவற்றில் கை வைக்காதே. ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இந்தக் கணக்கு முழுசையும் புரட்டிவிடும்.

12,000 வீதம் கட்டினால் ஆறாவது மாசக் கடைசியில் கார்டில் 37,400 இருக்கும். அந்த மாசத்தோடு செல்போன் தவணை முடிகிறது. அந்த 2,750-ஐயும் சேர்த்து 14,750 கட்டினால் ஒன்பதாவது மாசம் கார்டு முடியும். இதற்கு முன்னால் கார்டு வங்கிக்கு ஒரு போன் போட்டு, நிலுவையை 12 மாசத் தவணையாக மாற்ற எத்தனை சதவீதம் என்று கேள். 18-க்குள் சொன்னால் எடுத்துக்கொள். மிச்சமாகும் பணம் நகைக்குப் போகட்டும். ‘செட்டில்மென்ட்’ என்று குறைத்துக் கட்டச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே. ‘செட்டில்டு’ என்று சிபிலில் ஏறிவிட்டால் பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

கார்டு பாக்கி பூஜ்யம் ஆன மாசம் கவனமாக இரு. பில் போட்ட தேதிக்கும் நீ கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு அடுத்த பில்லில் கொஞ்சம் எச்ச வட்டி வரும். அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உனக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பாக்கியில்லைச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்து. சின்ன கார்டுக்கும் இதையே செய்.

அதன்பிறகு 14,750 முழுசும் நகை அசலுக்கு, முதலில் வளையல் கணக்குக்கு. இன்னும் ஒரு வருஷம் பிடிக்கும். பன்னிரண்டாவது மாசம் நகைக்கடன் தவணை முடிவதால் புதுப்பிக்க வேண்டிவரும். அப்போதும் கூடுதல் பணம் வேண்டாம். பர்சனல் லோனுக்கு வட்டி 14 சதவீதம், அதை முதலில் அடைக்கலாமே என்று தோன்றும். உன் ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைத்தால் 4 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போட்டிருக்கிறார்கள். அது அதன் போக்கில் 36 தவணையும் ஓடட்டும். தவணை பிடிக்கிற 5-ஆம் தேதிக்கு முந்தின நாளே 9,057 கணக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் கட்டணம் போடும், கடன் கொடுத்தவர்களும் போடுவார்கள்.

ஆப் கடன் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய், அதில் நிம்மதி. சீட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் சொல். சீட்டை ஏலத்தில் தள்ளிக் குறைந்த தொகைக்கு எடுத்துக் கடன் கட்டுகிற யோசனை மட்டும் வேண்டாம்.

தனியார் நிறுவனத்திலிருந்து நகையைத் திருப்பி வங்கியில் வைக்க, நடுவில் ஒரு நாளைக்கு 1,50,000 வேண்டும். அதை என் கணக்கிலிருந்து போடுகிறேன், வங்கியில் பணம் வந்ததும் திருப்பி அனுப்பிவிடு. சனிக்கிழமை போகாதே. இரண்டாவது, நான்காவது சனி வங்கி கிடையாது; மற்றச் சனிக்கிழமைகளில் நகை மதிப்பீட்டாளர் வருவாரா என்று போனில் கேட்டுக்கொள்ள வேண்டும். திங்கள் லீவு போட்டு இரண்டு பேருமாகக் காலையிலேயே போங்கள். ஆதார், பான், இரண்டு போட்டோ, வங்கிப் பாஸ்புக், பழைய நகைக்கடன் ரசீது எல்லாம் எடுத்துக்கொள். முந்தின நாளே நிறுவனத்தில் அன்றைய தேதிவரை கட்ட வேண்டிய தொகையைக் கேட்டு எனக்கு அனுப்பு, அந்தத் தொகையையே போடுகிறேன்.

அம்மா கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா