டேப்பை இன்னொரு தடவை வைத்துப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இத்தனை நாள் கழித்து உன்னிடமிருந்து வந்தது ஓர் அளவு மட்டும்தான். கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். குதிரையேற்றத்துக்கு உனக்குப் பழைய பூட்ஸ் எடுத்தபோது குறித்த தாள் என்னிடம் இருக்கிறது. அதில் 33.

டேப்பை எங்கே வைத்தாய்? நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, முழங்கால் செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். ஏறும்போது போடுகிற பேன்ட்டும் சாக்ஸும் போட்டுக்கொண்டு, சதை அதிகம் திரண்ட இடத்தில் அள. இறுக்கிப் பிடிக்காதே. சாயங்காலம் அள, அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். இரண்டு காலையும் அள.

போட்டிப் படத்தை அப்பா பெரிதாக்கி வைத்துப் பார்த்தார். குதிரைமேல் நீ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அழகைச் சொல்லி மாளவில்லை அவருக்கு. என் கண்ணில் பட்டது பூட்ஸின் வாய். தோலுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். கணுக்காலில் மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடக்கிறது. அப்படித் தொளதொளத்தால் கால் உள்ளே தனியாக நகரும், நீ காலால் சொல்வது குதிரைக்குத் தெளிவாகப் போகாது, உரசிப் புண்ணும் வரும். இத்தனை வருஷம் ஏறுகிறவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

உனக்கு அத்தையின் கால். பாதம் பெரிது, கெண்டை மெலிது. பூட்ஸில் பாத அளவு கூடினால் மேல்சுற்றும் கூடவே கூடும், அதனால் பாதத்தை மட்டும் பார்த்து வாங்காதே. ஒரே பாத அளவில் ஸ்லிம், ரெகுலர், வைட் என்று பிரித்துத் தருகிறவர்களிடம் பார். எலாஸ்டிக் வைத்தது என்றால் உடனே மயங்காதே. அதன் விரியாத சுற்றே உன் காலைவிடப் பெரிதாக இருந்தால் என்ன பிரயோஜனம்? நல்ல தோல் போடப்போட இளகும், அதனால் முதலில் ஜிப் கொஞ்சம் சிரமப்பட்டு ஏறுவதுதான் சரி. உயரமும் அப்படித்தான். கணுக்காலில் மடிப்பு விழுந்ததும் 2 முதல் 4 செ.மீ. வரை இறங்கிவிடும். புதிதில் முழங்கால் பின்மடிப்பைத் தொட்டால் பயப்படாதே.

ஆனால் 31-க்கு அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லாதே. தோலைப் பிடித்துத் தைத்துக் குறைக்கலாம், கூட்டுவது கஷ்டம். கால் பழையபடி தேறினால் அந்த பூட்ஸ் ஏறாது. தேறும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டால் தேறும். அதுவரை குட்டை பூட்ஸும், அதற்கு மேலே கெண்டைக்காலைச் சுற்றிப் போடுகிற உறையான ஹாஃப் சாப்ஸும் போதும், ஒல்லிக் காலுக்கென்றே ஹாஃப் சாப்ஸ் கிடைக்கிறது. போட்டிக்கு அது ஆகுமா என்று மட்டும் விதியைப் பார்த்துக்கொள். குட்டை பூட்ஸுக்குக் குதிகால் கட்டாயம் இருக்கட்டும். தட்டையாக இருந்தால் சேணத்தில் கால் வைக்கிற அங்கவடி வளையத்துக்குள் பாதம் வழுக்கிப் போய்விடும், எனக்கு அந்த நினைப்பே ஆகாது.

பயிற்சி அதிகமா, தூக்கம் இல்லையா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பாய். உட்கார்ந்து, சாக்ஸோடு, சாயங்காலத்தில் அளந்து பார். 33 வந்தால் ஒரு வரி எழுது. 31-தான் என்றால் எழுத வேண்டாம், போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா