முரளியைப் பற்றி ஒரு கடிதம்

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். பேத்தி போட்டோ பார்த்தேன். மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம் குழந்தை. இங்கே பங்குனியிலேயே வெயில் கொளுத்துகிறது. நம் ஜக்கு இன்னும் அகழியில் முதலை பார்த்த அந்தக் கதையை விடவில்லை. இப்போது முதலை இரண்டாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. நானும் தம்பி முரளியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். நான் சொல்ல வந்தது முரளியைப் பற்றி.

படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை ஈரத்தில் தாள் நைந்து, இனிஷியலிலேயே கிழிந்துவிட்டது. நான் கல் மாதிரி நின்று மருந்துப் பெயர், ரத்த வகை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மகள் பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையாடா" என்று கத்திவிட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. விடிந்து, ஆபத்து நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், அவன் கையில் டீ தளும்பிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் எம்.எஸ்சி. மரபியல் படிக்கிறாள். ஒரு வாரம் என்னிடம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "அப்பா மாதிரி சிலருக்கு பிரேக் லேட்டா பிடிக்கும் பெரியப்பா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை, பாலு.

அவள் சொன்னது இதுதான். ஆபத்து என்றால் முதலில் பாய்வது அட்ரினலின் என்ற ஹார்மோன். கை நடுக்கம், வியர்வை எல்லாம் அந்த நேரத்தில் வருபவை. கூடவே மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி அதன் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. அந்தக் கார்டிசாலே திரும்ப மூளைக்குப் போய், அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டி, "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். எஃப்கேபிபி5 என்று ஒரு புரதம் அந்த ஏற்பியின் பிடியைத் தளர்த்துகிறது. அதற்கான மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவின் குறியீட்டில் சில எழுத்துகள் மாறியிருந்தால் கார்டிசால் வந்ததும் இந்தப் புரதம் அதிகமாக உண்டாகும். "போதும்" என்ற சொல் மூளையின் காதில் சரியாக விழாது.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. 2008-ல் எலிசபெத் பிண்டர் குழுவினர் அமெரிக்காவில், அட்லாண்டாவில், செய்த ஆய்வு. இந்த மாற்றம் இருப்பது மட்டுமே யாரையும் நோயில் தள்ளவில்லையாம். சின்ன வயதில் அடிபட்டு, கொடுமைப்பட்டு வளர்ந்தவர்களிடம்தான் அது பெரியவர்களான பிறகும் அதிர்ச்சியின் பாதிப்பைக் கூட்டியிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்புவரை ஆம்பூரில் பாட்டியோடு இருந்தேன். அப்பாவோடு இருந்தவன் முரளி. கொடியில் தொங்குமே, அந்தப் பழுப்பு பெல்ட், நீயும் பார்த்திருக்கிறாய். அத்தனையும் அவன் முதுகுக்குத்தான். ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தாலும் அண்ணன் தம்பிக்குள் பொதுவாக வருவது சராசரியாகப் பாதிதான். மீதிப் பாதியில் யாருக்கு எது விழுந்ததோ. அதன்மேல் பெல்ட் வேறு. நான் அவனைவிட தைரியசாலி என்று ஐம்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேனே!

ரத்தம் எடுத்து டெஸ்ட் செய்து பார்த்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். 2003-ல் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்றைப் பிடித்து, வாழ்க்கையில் அடி விழுந்தால் யார் மனச்சோர்வில் விழுவார்கள் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது என்று கொண்டாடினார்களாம். 2019-ல் லட்சக்கணக்கான பேரின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. இரட்டையர்களை ஆராய்ந்ததில் மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்று வந்ததாம். அதுவும் ஏராளமான மரபணுக்கள் துளித்துளியாகச் சேர்ந்து வருவது. முரளியிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று எந்தச் சீட்டும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பியைத் திட்டாமலிருக்க எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டா வேண்டும்?

இன்னொன்று. அன்று ராத்திரி அப்பா முனகியபோது அடுத்த அறையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஓடிவந்தவன் அவன். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வான், உனக்குத் தெரியும்.

நேற்று சந்தையில் முள்ளு கத்திரிக்காய் நன்றாக இருந்தது. இரண்டு கிலோ வாங்கி அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சொல்ல நினைத்ததை அரைகுறையாகத்தான் சொன்னேன். "விடுண்ணா" என்றான். மறுபடி சொல்லப் போவேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வைகாசியில் வரும்போது அவனை "கிடுகிடு" என்று கூப்பிடாதே. அந்தப் பெயரை வைத்தது நாம் இரண்டு பேரும்தான்.

அன்புடன்,
ராமு