தோற்றத்தின் மேல் பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துன்பியல் நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவையும் சிலப்பதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது மகிழ்ச்சி தந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதை நம்பக் கூடாது என்பதே இவற்றின் பாடம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாருங்கள். பொற்கொல்லன் காட்டிய கோவலனைக் கண்டதும் காவலர்கள், "இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன் கொலைப்படு மகனலன்" என்கிறார்கள்; இவன் கொலைக்கு உரியவன் அல்லன் என்று பொருள். பார்த்த மாத்திரத்தில் சொன்னது அது. சரியாகவும் சொன்னார்கள். அங்கே தோற்றம் பொய் சொல்லவே இல்லை. பொய் சொன்னது பொற்கொல்லனின் வாய். கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து முதலாக எட்டுத் துணைகள் உண்டு என்று அடுக்குகிறான். பகலில் தூதர் கோலத்தில் வாயிலில் இருந்து, இரவில் மாதர் கோலத்தில் உள்ளே புகுந்த கள்வனின் கதையைச் சொல்கிறான். கண்ணால் கண்டதை நம்பாதீர்கள் என்பதுதான் அவன் பேச்சின் சாரம். காவலர்கள் தயங்கி நிற்கும்போதே களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஒத்தெல்லோவின் மனத்தைக் கெடுக்கும் வஞ்சகன் இயாகோ செய்வதும் இதுவே. ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் முகத்தில் தெரிந்த அன்பு உண்மையானது. அதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்; தந்தையையே ஏமாற்றியவள் அல்லவா என்று நினைவூட்டியவனும் அவன்தான். கட்டுரையாளர் பாடம் என்று சொல்வது, நாடகத்தில் வஞ்சகன் ஓதும் உபதேசம்.

1980களில் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் ஒத்தெல்லோ நாடகத்தை நான் பாடமாக நடத்தினேன். வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரோடும் அரசாங்கம் ஓர் இனத்தை எழுதி வைத்திருந்த காலம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம், வெள்ளையர் யார் என்பதற்குத் தோற்றத்தையே முதல் அளவுகோலாக வைத்தது. தோற்றத்தில் வெள்ளையராக இருந்தாலும், ஊரார் வேறாகக் கருதினால் அவர் வெள்ளையர் அல்லர் என்றும் அதே சட்டம் சொன்னது. முகத்தைப் பார்த்தார்கள், ஊர்ப்பேச்சைக் கேட்டார்கள். மனிதனை யாரும் விசாரிக்கவில்லை. 1987இல் ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் கறுப்பின நடிகர் ஜான் கானி ஒத்தெல்லோவாக, ஒரு வெள்ளையின நடிகையோடு நடித்தார். கலப்பு மணத் தடை நீங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள் பதிவுச் சட்டம் ஒழிய 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனும் மகள்களின் சொல்லலங்காரத்தை எடைபோட்டு நாட்டைப் பிரித்தவன்தான். கிரேக்க நாடகத்தின் ஈடிபஸ் மன்னன் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கமாட்டான். அவன் விடாமல் விசாரித்தவன். விசாரணையின் முடிவில் தன்னையே கண்டவன். அவனைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பாண்டியனைக் கண்ணகி அழைப்பது "தேரா மன்னா", அதாவது ஆராயாத மன்னா, என்று. ஏமாந்த மன்னா என்று அழைக்கவில்லை. வெளிப்பார்வைக்கு இரண்டு சிலம்பும் ஒன்றுபோல் இருந்திருக்கலாம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உள்ளே இருக்கும் பரல் எது என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஊடிச் சென்ற தேவியைத் தேடி விரைந்த மன்னனுக்கு அந்த நேரம் இல்லாமல் போயிற்று. என்னை ஒவ்வொரு முறையும் கலங்கவைப்பது இந்த இடம்தான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் இந்தக் காட்சியை நடிக்கப் பழகிவருகிறார்கள். எல்லோரும் கண்ணகியின் வசனத்தைத்தான் கேட்டார்கள். காவலர் பேசும் அந்த இரண்டு வரிகளை வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுவனுக்குக் கொடுத்திருக்கிறேன். "அவர் சொன்னதை ஏன் யாரும் கேட்கவில்லை ஐயா?" என்று சென்ற வாரம் அவன் கேட்டான். தங்கள் கட்டுரையாளர் அந்தக் காவலரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதினால் அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா