ஐரீனுக்கு இரண்டே சொல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் கென்னடி டூலின் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், மறுக்கவில்லை. கதாநாயகன் இக்னேஷியஸ் ரைலியின் பச்சைத் தொப்பி, நினைத்தபோதெல்லாம் அடைத்துக்கொள்ளும் அவன் வயிற்று வால்வு, பழைய ரோமானியத் தத்துவஞானி போயதியஸைப் படித்துவிட்டு இருபதாம் நூற்றாண்டையே திட்டித் தீர்ப்பது, தள்ளுவண்டியில் ஹாட் டாக் விற்கப் போய்ப் பாதியைத் தானே தின்றுவிடுவது, எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் அவனுடைய அம்மா ஐரீனுக்குக் கிடைத்தது 'குடிகாரத் தாய்' என்ற இரண்டே சொல். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முப்பது வயது மகன் வேலைக்குப் போவதால்தான் கதையே நகர்கிறது. ஏன் போகிறான்? நியூ ஆர்லியன்ஸில், டி. எச். ஹோம்ஸ் கடை வாசலில், கடிகாரத்துக்குக் கீழே அம்மாவுக்காக நின்றுகொண்டிருந்தவனை ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டுப் பிடிக்கப் பார்க்க, கூட்டம் கூடி ரகளையாகி, தாயும் மகனும் நழுவி ஒரு மட்டமான பாருக்குள் நுழைந்து, அங்கே ஐரீன் கொஞ்சம் கூடுதலாகவே குடித்துவிட்டு, பழைய பிளிமத் காரை எடுக்கும்போது ஒரு கட்டடத்தில் இடித்துவிடுகிறாள். நஷ்டஈடு 1,020 டாலர். அவளோ விதவை. பாட்டியின் இன்சூரன்ஸ் பணமெல்லாம் பையனின் எட்டு வருடக் கல்லூரிப் படிப்பில் கரைந்தாகிவிட்டது. அப்படிப் படித்தவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிக் சீஃப் நோட்டுகளில் மத்திய கால ஐரோப்பாவின் பெருமையை எழுதிக்கொண்டு கிடக்கிறான். அவனை வேலைக்குத் துரத்தாமல் அந்தப் பெண் வேறென்ன செய்வாள்?

குடிக்கிறாள், உண்மைதான். ஒயின் பாட்டிலை ஓவனுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். சொந்த வீட்டில் ஒளிந்து குடிக்கும்படி ஆனது யாரால் என்று கட்டுரையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்கு இந்த நாவலில் ரொம்பப் பிடித்தது ஐரீன் பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டு) ஆடக் கிளம்பும் பகுதி. மகனைப் பிடிக்க வந்த அதே போலீஸ்காரர் மான்குசோவே பிறகு சிநேகமாகி, தன் உறவுக்காரி சான்டா பட்டாலியாவை அவளுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். சான்டா சும்மா இருப்பாளா? கல்யாணத் தரகு வேலையிலேயே இறங்கிவிடுகிறாள். மாப்பிள்ளை கிளாட் ரோபிஷோ, கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கம்யூனிஸ்டா என்று சந்தேகப்படும் கிழவர். இந்த இடத்தில் மகன் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். உலகத்தையே திருத்தப் புறப்பட்டவனுக்கு, அம்மா சாயங்காலம் சிநேகிதியோடு வெளியே போய்வருவதைத் தாங்க முடியவில்லை! அவன் மேடைப் பிரசங்கம் மாதிரிப் பத்தி பத்தியாகப் பேச, ஐரீன் தன் பேட்டைப் பேச்சில் ஒரே வரியில் அதைக் கவிழ்த்துவிடுகிறாள். டூலின் காது எப்படிப்பட்டது என்பது இந்தச் சண்டைகளில்தான் தெரிகிறது. சினிமாவில் கேட்கிற அமெரிக்கத் தெற்கத்தி இழுவை இல்லை இது, நியூயார்க் பக்கத்துப் பேச்சுக்கு நெருக்கமானது. உள்ளூர்க்காரர் எழுதினால்தான் இப்படி வரும்.

சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் ராபர்ட் காட்லீப், டூலோடு நீண்ட நாள் கடிதப் போக்குவரத்து நடத்தியும், இந்த நாவல் எதைப் பற்றியது என்றே பிடிபடவில்லை என்பதுபோலச் சொல்லி அதைக் கடைசியில் வெளியிடாமலே விட்டார். இக்னேஷியஸை மட்டும் பார்த்துக்கொண்டு படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஒரு வேலை, அதில் ஒரு கூத்து, அடுத்த வேலை, அதிலும் கூத்து, அவ்வளவுதான். ஐரீன் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது. கடன் எப்படி அடையும், இந்தப் பிள்ளையை என்ன செய்வது, எனக்கென்று ஒரு வாழ்க்கை உண்டா இல்லையா, மூன்றும் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை ஓடுகின்றன.

அப்புறம், ஐரீனையும் டூலின் சொந்தத் தாய் தெல்மாவையும் கட்டுரை ஏறக்குறைய ஒரே ஆளாக்கிவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரீன் தன் மகனை சாரிட்டி ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குச் சலித்துப்போனவள். தெல்மா நேர் எதிர். 1969-இல் 31 வயதில் மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அந்தக் கையெழுத்துப் பிரதியின் கார்பன் நகலைத் தூக்கிக்கொண்டு பதிப்பாளர்களிடம் அலைந்து, கடைசியில் எழுத்தாளர் வாக்கர் பெர்சியைப் படிக்காமல் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டவர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1980-இல் வெளியிட்டது, மறு வருடமே புலிட்சர் பரிசு. மகன் மேதை என்பதில் தெல்மாவுக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை. ஐரீனுக்கு வந்தது, அதனால்தான் நாவலில் அவ்வளவு சிரிப்பு.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. டூல் இதை நியூ ஆர்லியன்ஸ் வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததாகக் கட்டுரை சொல்கிறது. ஆரம்பித்தது போர்ட்டோ ரிக்கோவில், ராணுவத்தில் இருந்துகொண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாட்களில்.

கட்டுரையின் அடுத்த பகுதி, இக்னேஷியஸ் வேலைக்குச் சேரும் லீவி பேன்ட்ஸ் கம்பெனி பற்றியது என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதிலாவது மிஸ் டிரிக்ஸியை விட்டுவிட வேண்டாம். எனக்கு ஓய்வு கொடுங்கள் என்று அந்தக் கிழவி கெஞ்ச, வேலையில் வைத்திருப்பதுதான் அவளுக்குச் செய்யும் உபகாரம் என்று முதலாளியின் மனைவி பிடிவாதம் பிடிப்பதற்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கலாம்.

தங்கள் நெடுநாள் வாசகி