நிவாரணத்தோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியேறியவர்களும் அகதிகளும் படும் வறுமையைப் பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம், அதன் அருகிலேயே உதவி கோரும் அறிவிப்பும் வந்துவிடுகிறது. அந்த உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்தவருக்கு முதலில் வேண்டியது சோறுதான். ஆனால், புதிதாக வந்தவர்களுக்குப் பல ஆண்டுகளாக வார இறுதிகளில் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் திரட்டும் பணமும் உழைப்பும் நிவாரணத்தோடு தீர்ந்துபோகின்றன. அந்த வறுமையை உண்டாக்கும் விதிகளை மாற்றக் கோரிப் போராட எதுவும் மிஞ்சுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் வேற்று நாட்டுத் தாய் ஒருவர் பிளாஸ்டிக் பை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். உள்ளே பிரிக்காத கடிதங்கள் 17 இருந்தன. மொழி தெரியாததோடு, அரசு முத்திரையைக் கண்டாலே எழும் அச்சமும் அவரைத் திறக்கவிடவில்லை. வாடகை உதவி நிறுத்தப்படுகிறது, மறுப்பு இருந்தால் 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு கடிதம் சொன்னது. கெடு முடிந்து 5 வாரம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பொது மொழி இல்லாததால், உடன் வந்த 10 வயது மகள் கடிதத்தை வரிவரியாகத் தாய்க்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டைவிட்டு வெளியேற்றப்படலாம் என்ற வரி வந்ததும் அவள் விரல் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதைச் சொல்லாமலே அடுத்த வரிக்குப் போய்விட்டாள். தாயின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு குழந்தையின் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறோமே என்ற வேதனை இன்னும் எனக்கு ஆறவில்லை.

இவர்கள் உழைக்க மறுப்பதால் ஏழைகளாக இருப்பதில்லை. ஐ.நா.வின் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஊதியத்துக்கு வேலை செய்யும் உரிமையை 17ஆம் பிரிவிலும், அரசின் வறுமை நிவாரணத்தைக் குடிமக்களுக்கு இணையாகப் பெறும் உரிமையை 23ஆம் பிரிவிலும் கூறுகிறது. ஆயினும் பல நாடுகள், வேலை உரிமைப் பிரிவு தங்களை முழுதாகக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு அறிவித்திருக்கின்றன. புகலிடக் கோரிக்கை முடிவாகும்வரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், வேலை செய்யவே தடை இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் சேமிப்பு கரைகிறது, பயணத்துக்கு வாங்கிய கடனோ வட்டியோடு வளர்கிறது. அனுமதி கிடைத்த பின்னும், ஊரில் செவிலியராகவோ பொறியாளராகவோ இருந்தவரின் சான்றிதழ் செல்லாது என்கிறார்கள். பேசிய கூலியை முதலாளி தர மறுத்தாலும், புகார் கொடுத்தால் வதிவிட அனுமதிக்கே ஆபத்து வருமோ என்று அஞ்சி வாய்மூடியிருப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உணவுப் பொதி இவற்றுள் எதையும் தீர்க்காது.

சமூகமாகத் திரண்டு கேட்டால் மாற்றம் வரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2001ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பள்ளிகள், தொழிற்சங்கங்கள் ஆகியவை சேர்ந்து, வாழ்வதற்குப் போதுமான ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கின. குறைந்தபட்ச ஊதியத்தில் இரண்டு வேலை பார்த்தும் பிள்ளைகளோடு இருக்க நேரம் கிடைக்காத பெற்றோரின் குறையிலிருந்தே அது பிறந்தது. மருத்துவமனைகளையும் வங்கிகளின் உயர்ந்த கட்டடங்களையும் இரவில் துப்புரவு செய்தவர்களில் பலர் குடியேறியவர்கள். அவர்களே முன்வந்து நிர்வாகத்தினரிடம் தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இணங்கின. இன்று அந்த ஊதிய அளவை ஆயிரக்கணக்கான முதலாளிகள் தாமாகவே ஏற்று நடக்கிறார்கள். அங்கே பேசியவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. மற்றவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் கூட்டங்களில் நடப்பதோ வேறு. அகதி ஒருவரை மேடையேற்றி அவருடைய துயரத்தைச் சொல்லவைக்கிறோம். என்ன கோரிக்கை வைப்பது என்று முடிவெடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. இது மாற வேண்டும். கூட்டத்துக்கு வந்தால் ஒருநாள் கூலி போகும் என்பவருக்கு அந்தக் கூலியையும் பயணச் செலவையும் சங்கமே கொடுக்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கட்டும். குழந்தைகள் மொழிபெயர்க்கும் நிலை ஒழிய, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்கு நிதி ஒதுக்கட்டும். ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு இதற்குப் போதும். பிற மொழிபேசும் குடியேறிகளின் அமைப்புகளோடும் சேர்ந்து நின்றால்தான், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் செவிசாய்ப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மேல்முறையீட்டுக் கெடு, கூலி தராத முதலாளிமீது புகார் கொடுக்கும் வழி, இலவசச் சட்ட உதவி பெறும் முறை ஆகியவற்றை எளிய தமிழில் விளக்க வாரந்தோறும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் அனுப்பும் அரசுக் கடிதங்களில் பெயர், முகவரி ஆகியவற்றை நீக்கிவிட்டு, அவற்றின் பொருளை அங்கே விளக்கலாம். அந்தப் பகுதிக்கான மொழிபெயர்ப்பை ஊதியம் பெறாமல் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தன்னார்வத் தொண்டர் ஒருவர்